‘பள்ளி’யை நான் மொழிபெயர்த்தபோது

எனக்கு முப்பத்தைந்து வயது. ஓய்வுபெற்றவர்கள் எழுதும் கட்டுரையை எழுத இந்த வயது போதாதுதான். ஆனால் போன வசந்தத்தில் நான் வேலையை விட்ட கிழமையில், நாற்பது வருடம் வரைபடப் பிரிவில் இருந்த ஒருவரும் ஓய்வுபெற்றார். அலுவலகத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே கேக்கை வாங்கி வைத்தார்கள். மேலே ‘இனிய ஓய்வு’ என்று பிரெஞ்சில் கிரீமால் எழுதியிருந்தது. “உனக்கு எந்தப் பாதி?” என்று அவர் கேட்டார். முதலெழுத்து இருந்த பக்கத்தை வெட்டி எனக்குத் தந்தார்.

மொன்றியல் தீவின் வடபகுதியில் ஒரு நகரப்பிரிவில் பதினொரு வருடம் கட்டடப் பயன்பாட்டுப் பரிசோதகராக இருந்தேன். ஒவ்வொரு கட்டடத்திலும் என்ன நடக்கலாம், என்ன நடக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கடைக்கு அனுமதி பெற்ற இடத்தில் ஆட்கள் குடியிருக்கக்கூடாது, களஞ்சியத்தில் உணவகம் வைக்கக்கூடாது. உள்ளே போய்ப் பார்த்து, அளந்து, படமெடுத்து, எழுதிக் கொடுப்பது என் வேலை. தீர்மானம் மற்றவர்களுடையது.

என் இடத்துக்கு வந்த பெண் போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். பரிசோதகர்களுக்குப் புதிய கையடக்கக் கணினி கொடுத்திருக்கிறார்களாம். எதிரே நிற்பவர் எந்த மொழியில் பேசினாலும் அது பிரெஞ்சில் எழுதிக் காட்டுமாம். அதை அப்படியே அறிக்கையில் ஒட்டலாமா என்று கேட்டாள். “உனக்கு ஒருமுறை இப்படி ஏதோ நடந்ததாமே?” என்றும் கேட்டாள். அவளுக்குப் பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். ஏனென்றால் நான் விட்டது தமிழ் தெரிந்தவர் மட்டுமே விடக்கூடிய பிழை.

கல்லூரியில் மூன்று வருடம் படித்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம்: அளக்க, வரைய, சட்ட இலக்கம் தேட. எழுதப் பழக்கியவர் மடாம் பிலோடோ, எங்கள் பிரிவின் தலைவி. அவர் அறிக்கைகளைக் கதிரையில் இருந்து வாசிக்கமாட்டார். யன்னலருகே நின்று, உதடு மட்டும் அசைய வாசிப்பார். கையில் பச்சைப் பேனா இருக்கும். படம் பிடிக்கமுடியாத சொல் எதுவானாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். திட்டமாட்டார், விளக்கமாட்டார். வட்டம் போட்ட தாளை மேசையில் வைத்துவிட்டு, “பொன்ஜூர்” என்று வணக்கம் சொல்லிப் போய்விடுவார்.

என் முதல் அறிக்கையில் ஒன்பது வட்டங்கள் இருந்தன. வாகனக் கொட்டில் ஒன்றில் ஒரு மனிதர் குடியிருப்பதாக முறைப்பாடு வந்திருந்தது. போய்ப் பார்த்து, ‘இங்கே ஒருவர் வசிக்கிறார்’ என்று எழுதினேன். ‘வசிக்கிறார்’ என்பதில் வட்டம் விழுந்தது. இரண்டாம் முறை எழுதினேன்: கட்டில் ஒன்று, மின்னடுப்பு ஒன்று, பல் துலக்கும் தூரிகை ஒன்று, ஈரமாக. ‘ஈரமாக’ என்பதை அவர் சற்று நேரம் பார்த்தார். வட்டம் போடவில்லை. அன்றிலிருந்து எனக்கு எல்லாம் பட்டியலாகத்தான் வருகிறது. வீட்டிலும் அப்படித்தான் என்று கணவர் சொல்கிறார்.

இனி அந்த வழக்கு.

இலங்கையிலிருந்து வந்த தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் சில சேர்ந்து, பழைய தரையோட்டுக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ‘சமூகச் செயற்பாடு’ என்ற வகையில் அதற்கு அனுமதி இருந்தது. அனுமதிக் காலம் முடியவிருந்ததால் புதுப்பிக்கக் கேட்டிருந்தார்கள். புதுப்பிக்காவிட்டால் இடத்தை விடவேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வாடகைக்கு வேறு இடம் கிடையாது. அந்தத் தெருவுக்கு இரண்டு தடைகள் இருந்தன. பள்ளிக்கூடம் கூடாது. வழிபாட்டிடம் கூடாது. ஆனால் சமூக நிலையத்தில் சிலர் சிலவேளை தொழுவதைச் சட்டம் கண்டுகொள்ளாது. பொறுப்பானவரே ‘இது வழிபாட்டிடம்’ என்று சொன்னால்தான் அது வழிபாட்டிடம். அந்த இடைவெளியில் இந்த நகரத்தில் பல அறைகள் இயங்குகின்றன, எல்லா மதங்களுக்கும்.

அந்த மாதங்களில் வானொலியைத் திறந்தால் முஸ்லிம்களைப் பற்றித்தான் பேச்சு. தலையை மூடிய ஆசிரியை வகுப்பில் நிற்கலாமா? நிற்கக்கூடாது என்பது ஏற்கெனவே சட்டமாகியிருந்தது. இனி வேறு யார் யாருக்கு அந்தத் தடையை நீட்டலாம்? பூங்காவில் தொழலாமா? பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் தொழலாமா? அழைத்துப் பேசியவர்களில் பெரும்பாலானோர் கோபமில்லாமல், நல்ல குரலில், நியாயமானவர்களாகவே பேசினார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. மடாம் பிலோடோவும் அந்தச் சட்டத்தை ஆதரித்தார். “எனக்குக் கன்னியாஸ்திரிகள் படிப்பித்தார்கள். அவர்களிடமிருந்து வெளியே வர இந்த மாகாணத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று உனக்குத் தெரியாது” என்று ஒருமுறை சொன்னார். எனக்குத் தெரியாதுதான்.

வாகனத் தரிப்பைப் பற்றி அயலில் முறைப்பாடு வந்திருந்ததால், ஒரு சனிக்கிழமை காலை அந்த இடத்துக்குப் போனேன். அந்தக் குடும்பங்கள் அமைத்த சங்கத்தின் செயலாளர் நௌஃபர் கதவைத் திறந்தார். ஐம்பது கடந்தவர், சென்ட் லோரன்டில் மருந்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை. பிரெஞ்சில் தொடங்கினேன். என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு அவர் தமிழுக்கு மாறினார்.

“தங்கச்சி தமிழோ?”

“ஓம்.”

“எந்தப் பக்கம்?”

“அம்மா அப்பா கொக்குவில். நான் இஞ்சதான் வளர்ந்தது.”

“நாங்க சோனகத்தெரு.” கதவை அகலத் திறந்தார். “தொண்ணூறில வெளிக்கிட்டது.”

எங்கள் இரு ஊர்களும் இருக்கும் வடக்கிலிருந்து முஸ்லிம்களை எங்கள் ஆட்கள், தமிழ் இயக்கத்தார், வெளியேற்றிய ஆண்டு அது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கதைத்ததில்லை. பெரியவளான பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அளவு நாடாவை இழுத்தேன். மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டு சுவர்வரை போனார்.

நான் கண்டவை: சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம். குர்ஆன் வைத்து ஓதும் சிறிய மடிப்புப் பலகைகள் பதினெட்டு. வாசலில் சப்பாத்துத் தட்டு, அதில் இருபத்திமூன்று சோடி, பெரும்பாலும் சிறியவை. சுவரில் தொழுகை நேர அட்டவணை. மேசை இல்லை, கதிரை நான்கு, கரும்பலகை இல்லை. ஒரு பொடியன் பலகைக்கு மேலே தலையை வைத்து நித்திரை.

“சனிக்கிழமை என்ன நடக்குது?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமை பிள்ளையள் பள்ளிக்கு வருவாங்க. ரெண்டு மணித்தியாலம். மத்த நாளில வேலை முடிஞ்சு அஞ்சாறு பேர் வருவாங்க, அவ்வளவுதான். அந்தா அவனைப் பாருங்க, வாறதே நித்திரை கொள்ளத்தான்.”

சிரித்தேன். நானும் ஒன்பது வருடம் சனிக்கிழமைகளில் அப்படி நித்திரை கொண்டவள். ஒரு கோயிலின் கீழ்த்தளத்தில் நடந்த தமிழ் வகுப்பு அது. அதை நாங்கள் ‘தமிழ்ப் பள்ளி’ என்றுதான் சொல்வோம். நௌஃபர் சொன்னது எனக்கு அப்படியே விளங்கியது. விளங்கியது என்று நினைத்தேன்.

அறிக்கையின் பதினான்காவது வரியில் எழுதினேன்: ‘பொறுப்பானவரின் கூற்றுப்படி, சனிக்கிழமைகளில் பிள்ளைகள் எகோலுக்கு வருகிறார்கள்.’ எகோல் என்றால் பிரெஞ்சில் பள்ளிக்கூடம்.

மடாம் பிலோடோ யன்னலருகே நின்று வாசித்தார். ‘எகோல்’ என்பதைச் சுற்றிப் பச்சை வட்டம் விழுந்தது. இந்தமுறை நான் அவருக்குப் பின்னால் எழுந்து போனேன்.

“அது என் சொல் அல்ல. அவரே சொன்னார்” என்றேன்.

“பிரெஞ்சிலா?”

“தமிழில். அது என் தாய்மொழி.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். “அப்படியென்றால் மேற்கோள் குறிக்குள் போடு” என்றார். எட்டு வருடத்தில் அவர் எனக்காக விலக்கிய ஒரே வட்டம் அது.

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அந்த வரியை அவர்களுக்கு உதவும் என்று நினைத்தே எழுதினேன். பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்பு என்றால் யாருக்கு என்ன பயம்? அந்தத் தெருவில் பள்ளிக்கூடத்துக்குத் தடை இருப்பது தெரிந்தும், இரண்டு மணித்தியால வகுப்பை யாரும் பள்ளிக்கூடமாக எடுக்கமாட்டார்கள் என்று நம்பினேன். என் தமிழ்ப் பள்ளியை யாரும் எடுத்ததில்லையே.

அந்த அறிக்கையைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம். ஒருவர் பெற்றார்.

நகரப்பிரிவுச் சபையின் கூட்டத்தில் கேள்வி நேரம் உண்டு. பெயர் பதிந்தவருக்கு இரண்டு நிமிடம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து தாளை உயர்த்திப் பிடித்தார். பணிவாகவே கேட்டார். “பதினான்காவது வரி. இந்த நகரப்பிரிவில் அனுமதியில்லாத மதப் பள்ளிக்கூடம் ஒன்று நடக்கிறதா, இல்லையா? நான் சொல்லவில்லை, உங்கள் பரிசோதகரே எழுதியிருக்கிறார்.” மண்டபம் கைதட்டியது. நான் பின்வரிசையில், அலுவலக அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இருந்தேன்.

அடுத்துப் பேசியவள் நௌஃபரின் மகள் ரிஸ்னா. இந்த நகரத்தில் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். தலையில் முக்காடு இருந்ததால் அரசுப் பள்ளிக்கூடங்களில் அவளுக்கு வேலை இல்லை. அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது.

“அங்கே பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் குர்ஆன் ஓதப் பழகுகிறார்கள்” என்றாள். “திங்கள் முதல் வெள்ளிவரை அதே பிள்ளைகள் வகுப்பில் உங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிக்கூடத்தில் இருக்குமா? இருந்தால் வீட்டுப்பாடம் யார் செய்வது?”

சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், “உனக்குப் படிப்பிக்க ஆசையென்றால் அந்தத் துணியைக் கழற்றிவிட்டு வா, வேலை இருக்கிறது” என்றது. இன்னும் அதிகமானோர் சிரித்தார்கள். சபைத் தலைவர் மணியடித்தார். அவள் தொடர முயன்றாள்.

“மன்னிக்கவும், இரண்டு நிமிடம் முடிந்தது” என்றார் தலைவர்.

வெளியே நடைவழியில் நௌஃபர் என்னைக் கண்டுகொண்டார். கத்தவில்லை.

“தங்கச்சி, ஏன் ஸ்கூல் எண்டு எழுதினீங்க?”

“நீங்கள்தானே அண்ணை சொன்னீங்கள். பிள்ளையள் பள்ளிக்கு வருவினம் எண்டு.”

விளங்கிக்கொள்ள அவருக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.

“பள்ளி எண்டா பள்ளிவாசல், தங்கச்சி. தொழுற இடம். ஸ்கூலை நாங்க ஸ்கூல் எண்டுதான் சொல்லுவம்.”

“வாப்பா, அப்ப நீங்க அவங்ககிட்ட இது பள்ளிவாசல் எண்டா சொன்னீங்க?” என்று ரிஸ்னா கேட்டாள்.

“சும்மா வாயில வந்தது மகள். தமிழ்ப் பிள்ளையோட கதைக்கிறம் எண்டு கதைச்சிட்டன். பிரெஞ்சில எண்டா யோசிச்சுத்தான் கதைச்சிருப்பன்.”

மூவருக்கும் விளங்கியது. என் பிழையைத் திருத்தினால் பள்ளிக்கூடம் என்ற குற்றச்சாட்டுப் போய்விடும். அந்த இடத்தில், பொறுப்பானவரே தன் வாயால் வழிபாட்டிடம் என்று சொன்னார் என்ற வரி வரும். திருத்தாவிட்டால் கல்வி அமைச்சிலிருந்து ஆட்கள் வருவார்கள். அமைச்சிலிருந்து பெற்றோருக்கு ஏற்கெனவே கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன, பிள்ளைகளின் பெயர் போட்டு. நான் அந்த வரியை எழுதாமலே விட்டிருந்தால் அனுமதி புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

ரிஸ்னா சொன்னாள்: “அக்கா, எதை எழுதினாலும் எங்களுக்கு இடமில்லை. பிள்ளையள்ட பேரையாவது அதுக்குள்ளால எடுத்துவிடுங்க.”

அன்று அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிறது உன்ர வேலை. எழுதியாச்சு. விடு.”

“பிழையா எழுதிப்போட்டன் அப்பா.”

“அதைத் தோண்டப்போனா நாளைக்கு எங்கட கோயிலின்ர கீழ்த்தளத்துக்கும் வந்து நிப்பாங்கள். அவையளுக்காக எங்கட தலையில மண் போடப்போறியோ?”

அறைக்குள் போய் ஒரு தாளில், நான் படித்த அந்தக் கீழ்த்தளத்தை நினைவிலிருந்து பட்டியலிட்டேன். கம்பளம், சுவரிலிருந்து சுவர்வரை. சப்பாத்துத் தட்டு. பூசை நேர அட்டவணை. கரும்பலகை ஒன்று. வருகைப் பதிவேடு ஒன்று. பள்ளிக்கூடம் என்று யாராவது எழுதவேண்டுமானால் அதைத்தான் எழுதியிருக்கவேண்டும். எந்தப் பரிசோதகரும் அங்கே வந்ததில்லை. முறைப்பாடு இல்லாமல் நாங்கள் போவதில்லை. அயலவர் யாரும் முறைப்பட்டதில்லை. அந்தத் தாளை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை.

மறுநாள் காலை மடாம் பிலோடோவிடம் போனேன்.

“நான் வட்டம் போட்டேன்” என்றார்.

“போட்டீர்கள். நான்தான் அழிக்க வைத்தேன்.”

சொன்னேன், முழுவதையும். அவர் யன்னலருகே போகவில்லை. கதிரையை இழுத்து இருந்தார். அவர் இருந்தபடி ஒரு தாளை வாசித்ததை அன்றுதான் பார்த்தேன்.

“அந்த வரியை நீக்கலாமா?” என்று கேட்டேன்.

“வெளியே போன அறிக்கையில் எதையும் நீக்கமுடியாது. கீழே இன்னொரு வரி எழுதலாம். எழுதினால் சரியான சொல்லை எழுதவேண்டும். சரியான சொல் எது?”

“தொழும் இடம்.”

“அதுவும் அந்தத் தெருவில் கூடாது.”

“தெரியும்.”

அவர் பேனாவை மூடினார். “நான் எதை ஆதரிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பிழையான வரியால் ஒருவரை வெளியேற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.”

“சரியான வரியால்?”

“சரியான வரியால் வெளியேற்றுவது எங்கள் வேலை” என்றார். குரலில் கடுமை இல்லை. அவருக்கு அது பிடித்திருந்தது என்றும் நான் நினைக்கவில்லை.

மூன்று வாக்கியம் எழுத எனக்கு ஒரு முழு முற்பகல் பிடித்தது. ஒன்று: கூறப்பட்ட தமிழ்ச் சொல் ‘பள்ளி’. இரண்டு: பரிசோதகரின் வீட்டுத் தமிழில் அது பள்ளிக்கூடம், கூறியவரின் தமிழில் அது தொழும் இடம், பரிசோதகர் பிழையாக மொழிபெயர்த்தார். மூன்று: அன்று அங்கே மேசை, கரும்பலகை, பாட அட்டவணை, வருகைப் பதிவேடு எவையும் காணப்படவில்லை. மடாம் பிலோடோ ஒரு வட்டமும் போடாமல் கையெழுத்திட்டார்.

பெற்றோருக்குக் கடிதங்கள் வருவது நின்றது. அமைச்சு கோப்பை மூடியது. அடுத்த கூட்டத்தில் அதே சாம்பல் சட்டைக்காரர் எழுந்து என் மூன்று வாக்கியங்களையும் வாசித்தார். “ஆக, அது மசூதி” என்றார். “எனக்கு அவர்கள்மேல் எந்தக் கோபமும் இல்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?” ஒன்றுதான் என்று தலைவர் சொன்னார். அனுமதி புதுப்பிக்கப்படவில்லை.

இதற்காகத்தான் வேலையை விட்டேன் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன்பிறகும் மூன்று வருடம் வேலை செய்தேன், ஒழுங்காக. பிறகு ஒருநாள் காலையில் எழும்பிப் போக மனமில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், அதைப் படம் பிடிக்கமுடியாது என்றுதான் சொல்வேன்.

இடத்தை விட்டதை உறுதிசெய்ய, முதல் அறிக்கை எழுதியவரே போகவேண்டும் என்பது ஒழுங்கு. போனேன். நௌஃபர் மட்டும் இருந்தார். கம்பளம் இருந்த இடத்தில் பழைய கடையின் ஓடுகள் தெரிந்தன, மாதிரிக்கு ஒட்டியவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்.

“ரிஸ்னா எப்படி?” என்று கேட்டேன்.

“ஒட்டாவாக்குப் போயிட்டா, அது வேற மாகாணம்தானே. அங்க ஸ்கூல்ல எடுத்திட்டாங்க, முக்காட்டோடயே. கிழமைக்கு ஒருக்கா போன் எடுப்பா.”

“பிள்ளையள் எங்க ஓதினம்?”

“வீடுகளில. முறை வச்சு. மூண்டு குடும்பம் வாறதில்லை இப்ப. பயம்தானே.” யன்னல் விளிம்பில் கையை ஊன்றினார். “நீங்க உங்கட வேலையைப் பாருங்க தங்கச்சி. போன முறை நான் கதைச்சுத்தானே எல்லாம் வந்தது.”

நான் படிவத்தை நிரப்பினேன். அவர் அருகில் வந்து நின்றார்.

“இப்ப என்ன எழுதிறீங்க? தமிழில சொல்லுங்க பாப்பம்.”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கம்பளம் இல்லை. பலகைகள் இல்லை. சப்பாத்துத் தட்டு இல்லை. அட்டவணை இல்லை. பயன்பாடு எதுவும் இல்லை. ஆட்கள்: ஒன்று.

“அந்த ஒண்டு நானா?”

“ஓம் அண்ணை.”

கதவுத் திறப்பை யன்னல் விளிம்பில் வைத்தார். “அப்ப நான் வெளிக்கிட்ட பிறகு அதையும் மாத்திவிடுங்க. பிழை வரக்கூடாது.”

கதவு சாத்தப்பட்டது. அந்தப் படிவத்தில் பரிசோதகர் ஆளாகக் கணக்கில் வருவதில்லை. அவர் தெருவைக் கடந்து பேருந்துத் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேரும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒன்றை வெட்டிப் பூச்சியம் போட்டேன்.